கில்லெட்டின் ஹோம்ஸ்

ஷெர்லக் ஹோம்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் வளைந்த புகைக்குழாய் வில்லியம் கில்லெட் என்ற அமெரிக்க நடிகர் மேடையில் பழக்கிவிட்டது. 1899இல் நியூயார்க்கில் அரங்கேறிய தம் நாடகத்தில் அவர் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலின் கதைகளைக் கலந்து கட்டினார். துப்பறிவாளருக்கு ஒரு காதலியையும் தேடிக் கொடுத்தார். டாயில் தடை சொல்லவில்லை. அந்த வேடத்தை ஏறத்தாழ 1,300 முறை கட்டினார் கில்லெட். 1905இல் லண்டனில் அவரோடு எடுபிடிப் பையன் பில்லியாக நடித்தவர், பதினாறு வயது சார்லி சாப்ளின்.

1916இல் சிகாகோவின் எஸ்ஸனே நிறுவனம் இந்நாடகத்தை ஆர்தர் பெர்த்தலே இயக்கத்தில் படமாக்கியது. ஹோம்ஸாகக் கில்லெட் நடித்த ஒரே படம். பிறகு அது காணாமல் போயிற்று. இதில் வியப்பில்லை, 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில் 14 விழுக்காடே மூல வடிவில் எஞ்சியிருக்கின்றன. நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். தீக்குத் தப்பினாலும் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாகும். பேசும்படம் வந்தபின் ஊமைப்படத்தைச் சேமித்து என்ன பயன் என்று முதலாளிகள் நினைத்தது அதைவிடப் பெரிய கேடு.

2014இல் பாரிஸின் சினிமாதெக் பிரான்சேஸ் காப்பகத்தில் ஒரு நைட்ரேட் நெகட்டிவ் அடையாளம் காணப்பட்டது. பிரெஞ்சு ரசிகர்களுக்காகப் படத்தை நான்கு பகுதித் தொடராக்கி, வசன அட்டைகளையும் பிரெஞ்சில் மாற்றியிருந்தார்கள். சொந்த நாடு தொலைத்ததை அயல்நாட்டு விநியோகம் காப்பாற்றியிருக்கிறது! எந்தக் காட்சிக்கு எந்த நிறச்சாயம் என்ற குறிப்புகளும் அதில் இருந்தன. சினிமாதெக்கும் சான்பிரான்சிஸ்கோ மௌனப்பட விழா அமைப்பும் சேர்ந்து அதைச் செப்பனிட்டன. ஆங்கில வசனங்களை மீட்கக் கில்லெட்டின் நாடகக் கையெழுத்துப் படிகள் கைகொடுத்தன. ஆக, நாம் இன்று காண்பது பிரெஞ்சுத் தொடரின் உடல். 1916இல் அமெரிக்கர் கண்ட வடிவம் இன்னும் கிடைக்கவில்லை.

படம் எப்படி? கேமரா பெரும்பாலும் நாடகக் கொட்டகையின் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறது. காதல் காட்சிகள் நகர மறுக்கின்றன. ஆனால் 62 வயதுக் கில்லெட்டிடம் அந்தக் காலத்துக் கைவீச்சும் கண்ணுருட்டலும் இல்லை. சாய்ந்து அமர்ந்து, இமையை மட்டும் உயர்த்தி, எதிரியை எடைபோடுகிறார். நச்சுவாயு அறையில் சிக்கும்போது விளக்கை உடைத்து இருளாக்குகிறார். அவர் வைத்த சுருட்டின் கங்கு சன்னலோரம் மினுங்க, அடியாட்கள் அங்கே பாய, அவர் கதவு வழியே வெளியேறிவிடுகிறார். அந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

செப்பனிட்ட பிரதி 2015 முதல் ப்ளூ-ரே வட்டாகவும் கிடைக்கிறது. வாங்குவோர் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர்களைப் போல் நான்கு தவணையில் பார்க்கட்டும். ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டி வரும்வரை கொஞ்சம் பொறுமை வேண்டும்.