தறியோரம் உட்கார்ந்த பிள்ளைகள்

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை வழக்கமான கைத்தறியில் ஒருவரே நெய்துவிட முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் குழிக்குள் காலை விட்டு மிதித்தபடி நாடாவை எறிய, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கரை நாடாவை வாங்கித் திருப்பிவிடுவார். அப்படி உட்கார்ந்தது பல வீடுகளில் பிள்ளைதான். அறுந்த இழையை முடிவதும் தார் சுற்றுவதும் பார்த்துப் பார்த்தே அவர்களுக்குக் கைவந்தன. அந்தக் கைப்பழக்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அப்பா வாங்கிய முன்பணத்துக்காக அடுத்தவர் தறியில் நாள் முழுக்க உட்கார்ந்து, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளைகளும் அதே ஊரில் இருந்தார்கள். வீட்டுத் தொழிலைப் பார்த்துக் கற்பது நல்லதா என்று கேட்குமுன், பிடிக்காவிட்டால் எழுந்துபோக அந்தப் பிள்ளைக்கு வழி இருந்ததா என்று கேட்க வேண்டும்.

1953இல் சென்னை மாநிலம் முழுவதும் இந்தக் கேள்வியைத்தான் எதிர்கொண்டது. முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து இரண்டு வேளை முறையைக் கொண்டுவந்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பார்த்துப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. பெரியார் அதைக் குலக்கல்வி என்று சாடினார். திராவிட இயக்கம் மட்டுமல்ல, காங்கிரசுக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது.

கட்டடமும் ஆசிரியரும் போதாத காலத்தில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்க வேறு வழி ஏது என்று திட்டத்துக்காக வாதாடியவர்கள் உண்டு. பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அதன் சுமை கிராமத்துப் பிள்ளையின் தலையில் மட்டும் ஏறியது. நகரத்துப் பிள்ளைக்கு முழுநாள் பள்ளி தொடர்ந்தது. காந்தி சொன்னதும் இதுதானே என்பது இன்னொரு வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக்கல்வி கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து நூல் நூற்க வேண்டும். 1953 திட்டமோ பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியது. சலவைத் தொழிலாளியின் மகன் வெள்ளாவியைப் பார்ப்பான், கணக்கரின் மகன் பேரேட்டைப் பார்ப்பான். யார் எந்த வேலையைப் பார்ப்பது என்பதைப் பிறப்பே தீர்மானித்துவிடும்.

இது பழங்கதை என்று விட்டுவிடவும் முடியாது. 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கு அளித்தது. 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தாலும், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. வீட்டுக்குள் நடப்பது உதவியா உழைப்பா என்று எந்த அதிகாரி போய்ப் பார்க்கப்போகிறார்? தொழிலைக் காட்டும் பொறுப்பைப் பள்ளிக்கூடமே ஏற்கட்டும். நெசவாளர் மகளை மருத்துவமனைக்கும் மருத்துவர் மகனைத் தறிக்கூடத்துக்கும் ஆசிரியர்கள் பாட நேரத்திலேயே அழைத்துப் போகட்டும்.