மூளைக் கட்டியா, அழற்சியா? வேலூர் ஆய்வு தீவுகளுக்குச் சொல்வது

உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு உண்டாக்கும் அழற்சி, சில வேளைகளில் கட்டியைப் போலவே தோற்றமளிக்கும். அந்த மயக்கம் எவ்வாறு ஏற்பட்டது, எவ்வாறு தெளிந்தது என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு முதன்மையான சான்று உண்டு.

1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினர். அன்று இந்தியாவில் அறுவைக்கு வந்த மூளைக் கட்டிகளில் காசநோய்க் கட்டிகள் கணிசமானவை. அந்த அனுபவம் நாளடைவில் ஒரு முன்முடிவாக இறுகியது. சி.டி. ஸ்கேன் பரவலானபோது, வலிப்புடன் வந்த, மற்றபடி நலமாயிருந்த பலரின் மூளையில் சிறு வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி தென்பட்டது. அதுவும் காசநோய்க் கட்டியே எனக் கருதப்பட்டு, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டது. புள்ளி மறைந்தால் மருந்துக்கே பெருமை சேர்ந்தது. ஆனால் வலிப்பு மருந்து மட்டும் உட்கொண்டவர்களிடமும் அப்புள்ளி மறைந்ததை 1985 முதல் வெளிவந்த இந்திய ஆய்வுகள் காட்டின.

விடை திசுவில் இருந்தது. மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்ட வேலூர்க் குழுவினர் அப்புள்ளிகளை அறுத்தெடுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம்புழுவால் விளைந்தவை என்று 1989இல் 'லான்செட்' இதழில் அறிவித்தனர். இந்த நோயை முன்பே ஐயுறத் தடையாயிருந்தது உணவு பற்றிய நம்பிக்கை: பன்றி இறைச்சி உண்ணாதவருக்கு இது வராது என்று எண்ணினர். உண்மையில், சரியாக வேகாத இறைச்சி தருவது குடலில் வாழும் நாடாப்புழுவை. மூளையைத் தாக்குவது, அப்புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டை. அது நீர், காய்கறி, கழுவாத கை வழியாக எவரையும் அடையும்.

நோயின் இயல்பும் கருதத்தக்கது. உயிருள்ள இளம்புழு நோயெதிர்ப்பு அமைப்பின் கண்ணில் படாமல் ஆண்டுக்கணக்கில் தங்கும். அது நலியும்போது அந்த மறைவு கலைகிறது. வெள்ளணுக்கள் சூழ்ந்து கிரானுலோமா என்னும் அழற்சி முடிச்சை உருவாக்குகின்றன, சுற்றிலும் நீர் கோக்கிறது, வலிப்பு வருகிறது. ஸ்கேனில் கட்டியாகத் தெரிவது பெரும்பாலும் உடலின் எதிர்வினையே. அது அடங்கும்போது புள்ளியும் மறைகிறது.

1993இல் இக்குழு நோயறி அளவுகோல்களை வகுத்தது. வலிப்பு இருக்க வேண்டும். மூளை அழுத்த உயர்வு நீடிக்கவோ நரம்புக் குறைபாடு வளரவோ கூடாது. உடலில் வேறெங்கும் தீவிர நோய் இருக்கக் கூடாது. ஸ்கேனில் 20 மி.மீ.க்கு மிகாத ஒற்றைப் புள்ளி தெரிய வேண்டும். மூளையின் நடுக்கோட்டை நகர்த்தும் வீக்கம் இருக்கக் கூடாது. இவை பொருந்தினால் மண்டையைத் திறக்காமல் காத்திருந்து மீண்டும் ஸ்கேன் எடுக்கலாம். புள்ளி வளர்ந்தால் திசு ஆய்வைத் தவிர்க்க இயலாது.

அந்தமான் நிக்கோபாரை இங்குக் கருத வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பல் பயணம் ஏறத்தாழ மூன்று நாள். மூளை அறுவைக்காகக் கடல் கடப்பது ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைக்கக்கூடும். எந்த நோயாளி கட்டாயம் கடல் கடக்க வேண்டும், யார் மருந்துடன் காத்திருக்கலாம் என்று பிரித்தறிய இத்தகைய அளவுகோல் துணைநிற்கும். மேலும், அது நோயாளியின் உணவை வினவுவதில்லை. பன்றி வளர்ப்பு நிக்கோபாரியரின் சடங்கு வாழ்வோடு பிணைந்தது. 'சைவர், எனவே இதுவன்று' என்ற பழைய பிழையைத் தலைகீழாக்கி, 'நிக்கோபாரியர், எனவே இதுவே' என்று முடிவு செய்தால் அதுவும் அதே பிழைதான். உண்மையான புற்றுக்கட்டி ஒன்று அதனால் காலந்தாழ்ந்து கண்டறியப்படலாம்.

மருத்துவ வரலாற்று மாணவர்கள் வேலூரில் கற்க வேண்டியது ஒரு கண்டுபிடிப்பை மட்டுமன்று. மருந்து கொடுத்தபின் நோய் மறைந்தது என்பது, மருந்தால் நோய் மறைந்தது என்பதற்குச் சான்றாகாது.