மலகா: தறி முதல் கிதாபு வரை

ஆரணிப் பட்டு வட்டாரத்துச் சந்தவாசலில் தறிமுன் அமரும் நெசவாளியின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். சேலைக் கரையில் எந்த இழை எப்போது உயர வேண்டும் என்பதை, அதில் சுழலும் அட்டைகளின் துளைகளே தீர்மானிக்கின்றன. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய பொறி இது. 1830-களில் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்திற்கு இவ்வட்டை முறையையே எடுத்துக்கொண்டார். எனவே, இன்றைய செயற்கை நுண்ணறிவின் முன்னோருள் பட்டுத்தறியும் ஒன்று எனலாம்.

ஜக்கார்டு வருமுன் அடை நூல்களைக் கையால் இழுத்தே கரையில் உருவங்களை எழுப்பினர். அந்தத் திறன் அட்டைக்குப் போயிற்று. எனினும் பாவின் இறுக்கத்தை உணர்வதும், அறுந்த இழையைப் பிணைப்பதும், ஊடையைச் சீராக அடிப்பதும் நெசவாளியின் கையிலேயே தங்கின. கை உழைக்கும் இடத்தில் திறனும் நிலைத்தது.

இதன் காரணத்தை இப்னு கல்தூன் (ரஹ்) ஹிஜ்ரி 779-இல் (கி.பி. 1377) எழுதிய ‘முகத்திமா’வில் விளக்கியுள்ளார். ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்வதால் உள்ளத்தில் ஊன்றும் ஆற்றலுக்கு ‘மலகா’ என்று பெயர். கைத்தொழிலுக்கும் கல்விக்கும் அது பொது. அவர் காலத்து மதரஸாக்களில் பயிலும் காலம் துனீஸில் 5 ஆண்டு, மொராக்கோவில் 16 ஆண்டு. மொராக்கோ மாணவர் மிகுதியாக மனனம் செய்தும், சபையில் வாய்திறந்து விவாதிக்காமையால் மலகா பெறவில்லை என்பது அவரது கணிப்பு.

2025-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்றாகிறது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் அது நடத்தப்பட்டது. செயற்கை நுண்ணறிவின் துணையோடு கணிதப் பயிற்சி செய்தோர், அப்பயிற்சியில் 48 விழுக்காடு கூடுதலாகச் சாதித்தனர். துணையின்றித் தேர்வெழுதியபோதோ, அதனைப் பயன்படுத்தாதோரினும் 17 விழுக்காடு பின்தங்கினர். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தருமாறு அமைத்த கருவியால் இவ்விழப்பு பெரிதும் தவிர்ந்தது.

எம் அரபு வகுப்புகளிலும் இதனைக் காண்கிறோம். ஹரகத் இல்லாத கிதாபை நஹ்வு, ஸர்ஃபின் துணையால் பிழையின்றி வாசிப்பதே ஆலிமின் மலகா. இன்று கைபேசி நொடியில் ஹரகத்தும் மொழிபெயர்ப்பும் தந்துவிடுகிறது. அவ்வாறு ஆயத்தம் செய்து வந்த மாணவர் ஒருவரிடம், “இச்சொல்லுக்கு ஏன் நஸ்பு?” என்று வினவியபோது அவர் மௌனமானார்.

கருவியை விலக்கச் சொல்லவில்லை. மாணவர் முதலில் தாமே வாசிக்கட்டும், தவறட்டும், ஆசிரியர் முன் காரணம் கூறட்டும். அதன் பின்னர்க் கருவியோடு ஒப்பிடட்டும். இவ்வரிசை மாறினால், ஹரகத் இல்லாத கிதாபை வாசித்துக் கொடுக்க அடுத்த தலைமுறைக்கு உஸ்தாதுகள் இல்லாமற்போவர்.