கொழுந்துக்கு ஒரு புகைபோக்கி

ஹட்டன், நுவரெலியாப் பகுதிப் பாடசாலைகளில் மாணவரின் கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியர் யாவரும் ஒன்றை அறிவர். சில கொப்பிகள் புகை மணக்கும். பெயரைப் பாராமலே, இது லயத்திலிருந்து வந்தது என நாம் சொல்லிவிடலாம். அட்டையில் மாத்திரமன்று, தாளுக்குத் தாள் அம்மணம் ஊறியிருக்கும். தாளில் ஊறியது அப்பிள்ளையின் மார்பில் ஊறாதிருக்குமோ?

இல்லத்தினுள் காற்றைத் துப்புரவாக்கும் பொறிகளைப் பற்றி இன்று நகரங்களிலே பேச்சு மிகுந்திருக்கிறது. கொழும்பிலும் டில்லியிலும் வசதி படைத்தோர் வாங்கிவைக்கும் அப்பொறியின் உயிர்நிலை ‘ஹெப்பா’ எனும் வடிகட்டி. 1940களில் அமெரிக்க அணுகுண்டு ஆராய்ச்சியின்போது கதிரியக்கத் துகள்களைப் பிடிப்பதற்கென உருவான வடிகட்டியின் வழிவந்தது அது. 0.3 மைக்ரோன் அளவான துகள்களில் 99.97 வீதத்தைத் தடுக்கவல்லது. மூடிய அறைக்குள் வெளியிலிருந்து நுழையும் தூசிக்கு அது ஏற்றதே. ஆயின் அறைக்குள்ளேயே விறகு எரியுமானால் வடிகட்டி விரைவில் அடைபட்டுப்போகும். உயிரைக் குடிக்கும் காபனோரொட்சைட்டு வாயுவை அது தடுப்பதுமில்லை. காற்றைச் சலிப்பதற்கு முன் புகையை வெளியேற்றியாக வேண்டும். இவ்வுண்மையைத் தேயிலைத் தோட்ட முதலாளிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே நன்கு அறிந்திருந்தனர். தொழிலாளியின் பொருட்டன்று, தேயிலையின் பொருட்டு.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்ததும், மலைகள் தேயிலைக்கு மாறியதும் நாம் வகுப்பில் சொல்லும் கதை. அதனுள் இன்னொரு சிறு கதை உண்டு. தொடக்கத்தில் தேயிலையைக் கரி நெருப்பின் மேல் வாட்டினர். புகை பட்ட தேயிலை விலை போகாது, புகைவாடை பெருங்குற்றம். கச்சார்த் தோட்டங்களில் இளைஞனாகப் பணியாற்றிய சாமுவேல் டேவிட்சன் என்பார் 1870களில் ‘சிரோக்கோ’ எனும் உலர்த்தியை அமைத்தார். அடுப்பு எரியும், அதன் புகை குழாய் வழியே வானத்துக்குப் போகும், அடுப்பின் சூட்டில் காய்ந்த தூய காற்று மாத்திரம் இலையைத் தீண்டும். 1881இல் பெல்பாஸ்ட் நகரில் அவர் தொழிற்சாலை நிறுவினார். பின்னாளில் அவருடைய காற்றாடிகள் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் காற்றூட்டின. மலைநாட்டு ஸ்டோர்களிலும் உலர்த்தியின் அடுப்பு விறகைத் தின்றது. புகையோ உயர்ந்த குழாயினூடே மலைக்கு மேலே போயிற்று. கொழுந்துக்குப் புகைபோக்கி கிடைத்துவிட்டது.

துரையின் பங்களாவிலும் கணப்படுப்பும் அதற்கெனச் செங்கற் புகைபோக்கியும் இருந்தன. கடல்மட்டத்துக்கு 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாக் குளிரில் அது வேண்டியதே. அதனை நாம் குறைகூறவில்லை. அதே குளிரில், அதே மலையின் கீழ்ச்சரிவில், அக்கொழுந்தைப் பறித்தவளின் வீடு எப்படியிருந்தது?

கோப்பிக் காலத்திலேயே வந்த வடிவம் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள் வரிசையாக. பல லயங்களில் முதுகோடு முதுகாக இரட்டை வரிசை. பின்சுவர் அடுத்த குடும்பத்தின் சுவராதலால் அங்கே சாளரத்துக்கு இடமேயில்லை. முன்னே ஒரு கதவு, ஓர் இஸ்தோப்பு. அடுப்பு இஸ்தோப்பின் மூலையிலோ காம்பராவுக்குள்ளேயோ அமையும். கவ்வாத்து மிலாறு மழைக்காலத்தில் ஈரம் மாறாது. ஈர விறகு எரிவதினும் புகைவதே அதிகம். விடியுமுன் அடுப்பு மூட்டி, ஊதுகுழலால் ஊதி, ரொட்டி சுட்டு, பெரட்டுக்கு ஓடும் பெண்ணே அப்புகையின் முதற் பங்காளி. அவள் முதுகிலோ மடியிலோ இருக்கும் குழந்தை இரண்டாம் பங்காளி.

புகைக்கும் ஒரு பயன் உண்டு என்பதை இங்கே மறைத்தல் நேர்மையன்று. அந்த அடுப்பே குளிருக்குக் கணப்பு; நனைந்த கம்பளியைக் காயவைப்பதும் பரணிலே விறகை உலர்த்துவதும் அதுவே. கதவைத் திறந்துவை என்று நகரத்தார் எளிதாகச் சொல்வர். கதவைத் திறந்தால் சூடும் போய்விடும் என்பதை மாசி மாதத்துப் பனியில் ஓர் இரவு லயத்தில் தங்கினோர் அறிவர்.

அரசாங்கம் கண்ணை மூடியே இருந்தது என்பதற்கில்லை. 1912இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கும் நோய்களுக்கும் சட்டங்கள் வந்தன. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தாரின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கிற்று. அதன் வழியே மலசல கூடங்கள் எழுந்தன. கொக்கிப்புழு உழைப்பைக் குறைக்கும். ஆகவே கணக்கில் ஏறிற்று. புகை மெல்லக் கொல்வது, ஏறவில்லை.

1952 டிசம்பரில் இலண்டன் மாநகரை நச்சுப்புகை மூடிப் பல்லாயிரம் உயிர் போயிற்று. 1956இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் தூய காற்றுச் சட்டம் நிறைவேற்றியது. அந்த நகரத்துக் கம்பனிகளுக்குச் சொந்தமான லயங்களுக்கு அச்சட்டம் கடல் கடந்து வரவில்லை. 1980களின் தொடக்கத்திலேதான், கேர்க் சிமித் என்ற அமெரிக்க அறிஞரும் இந்திய அறிஞர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலில் கருவியை அணிவித்து அடுப்படிக் காற்றை அளந்தனர். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் மாத்திரம் வீட்டுப்புகையால் மாண்டோர் ஏறத்தாழ 32 இலட்சம். அவருள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 2,37,000க்கும் மேல்.

பரிகாரம் இல்லாமலில்லை. 1980களில் இலங்கையில் உருவான ‘அனகி’ எனும் இருவாய் மண்ணடுப்பு விறகை மிச்சப்படுத்துகிறது. ஆயின் அதற்குப் புகைபோக்கி இல்லை. எரிவாயு நல்லது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபா ஆயிற்று. 2021இல் தொழிலாளி போராடிப் பெற்ற நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு சிலிண்டருக்கு ஐந்து நாள் கொழுந்து! வாங்கத் தொடங்கியிருந்த குடும்பங்களும் மிலாற்றுக்கே மீண்டன.

தொழிலாளிக்குத் தன் காம்பராவில் உரிமை இல்லாமை இதனினும் பெரிய தடை. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. சுவர் மாத்திரம் ஒருபோதும் அதனுள் வாழ்ந்தவனுடையதாகவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டும் வேலை அண்மைய ஆண்டுகளில் நடக்கிறது. கிடைத்தோர் சிலர், காத்திருப்போர் பலர்.

எம் மாணவனொருவனின் தந்தை பழைய தகரத்தைச் சுருட்டிக் குழாயாக்கி, அடுப்புக்கு மேலே சுவரில் ஓட்டை போட்டுப் பொருத்தினார். லயத்துச் சுவரைச் சேதப்படுத்தியதாகத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விளக்கம் எழுதித் தரும்படி அக்கடிதத்துடன் எம்மிடம் வந்தார். கடிதத்திலும் அதே புகை மணந்தது.