மேசைக்குக் கீழே பிறந்த சொல்

“என்ர ஃபேஸ்புக்கை ஹேக் பண்ணிட்டாங்கள்.” இந்த வசனத்தைக் கேட்காத ஆள் எங்களுக்குள்ள இல்லை. எங்கட பேச்சில ஹேக் என்றால் களவு, ஹேக்கர் என்றால் கள்ளன். ஆனால் இயந்திரங்களோடு சேர்த்து இந்தச் சொல் எழுத்தில் பதிவான மிகப் பழைய இடங்களில் ஒன்று, ஒரு மாதிரி ரயில் கழகத்தின் கூட்டக் குறிப்பு. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழக மாணவர்களின் கழகம் அது. 1955 ஏப்ரலில் எழுதிய குறிப்பின் சாரம் இதுதான்: மின் அமைப்பில் ‘ஹேக்’ பண்ணுகிற ஆட்கள் மின்சாரத்தை நிப்பாட்டிப்போட்டுச் செய்யுங்கோ, இல்லையென்றால் ஃபியூஸ் போயிடும்.

அந்த மின் அமைப்பில் அப்படி என்ன இருந்தது? அதை விளங்கிக்கொள்ள ஒரு சின்னச் சிக்கலில் இருந்து தொடங்கவேணும்.

ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தை ரயில்காரர் ‘பொயின்ற்’ என்பார்கள். மாதிரி ரயிலில் அதைத் திருப்ப எளிய வழி இரண்டு வரிச்சுருள்கள். ஒன்றுக்கு மின் குடுத்தால் நடுவில் உள்ள இரும்புத் தண்டு இந்தப் பக்கம் இழுபடும், மற்றதுக்குக் குடுத்தால் அந்தப் பக்கம். இழுக்கிறதுக்குப் பெரிய மின்னோட்டம் வேணும், ஆனால் ஒரு கணம் மட்டும். விரலை எடுக்க மறந்தால் சுருள் சூடாகிக் கருகிவிடும். இதுக்கு ஒரு நல்ல தீர்வு கொள்ளளவி. அது ஆறுதலாக மின்னேறி, பொத்தானை அமத்தியவுடன் முழுவதையும் ஒரே வீச்சில் கொட்டும். பிறகு விரலை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் சுருளுக்கு ஆபத்தில்லை.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. பத்து பொயின்ற் இருந்தால் அவை சேர்ந்து நிற்கக்கூடிய நிலைகள் 1,024. ஒரு ரயிலை ஐந்தாம் மேடைக்கு அனுப்ப நாலு பொயின்ற்றைத் தனித்தனியாகத் திருப்பினால் ஒன்றில் பிழைவிடுவம். ஒரு பொத்தானில நாலும் திரும்பினால் நல்லம். ஆனால் வயர்களை நேரே இணைத்தால் மின் பின்வழியாகப் போய்ப் பிழையான சுருளையும் இழுக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு இருவாயியைப் போட்டால் மின் ஒரு திசையில்தான் போகும். பொத்தான்கள் ஒரு பக்கம், சுருள்கள் மறுபக்கம், தேவையான சந்திகளில் மட்டும் இருவாயி. உண்மையில் இது ஒரு அட்டவணை. கணினிகளில் மாறாத நினைவகத்தையும் இதே முறையில் கட்டியிருக்கிறார்கள்.

அதுக்கும் மேலே போனால் நிபந்தனைகள் வரும். ‘இந்தப் பொயின்ற் இடப்பக்கம் திரும்பியிருக்கவேணும், முன்னால் உள்ள துண்டில வேறு ரயிலும் நிற்கக்கூடாது. இரண்டும் சரியென்றால் மட்டும் மின் விடு.’ இரண்டு ரிலேயின் தொடுகைகளைத் தொடராக இணைத்தால் இது நடக்கும். சமாந்தரமாக இணைத்தால் ‘இது அல்லது அது’. ஐ.சி.ரி. பாடத்தில் தர்க்கப் படலை என்று படிச்சமே, அதுதான் இது. ரிலேச் சுற்றுகளைப் பூலியன் அட்சரகணிதத்தால் எழுதலாம் என்று குளோட் ஷனன் காட்டிய கட்டுரை 1938இல் வெளிவந்தது. அது எம்.ஐ.ரி.யில் அவர் செய்த முதுமாணி ஆய்வு.

அதே எம்.ஐ.ரி.யில் இந்த ரயில் கழகம் 1946இல் தொடங்கியது. இடம், போர்க்காலத்தில் ரேடார் ஆராய்ச்சிக்காக 1943இல் அவசரமாகக் கட்டிய, 20ஆம் இலக்க மரக்கட்டடம். கழகத்தில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். ஒரு பகுதி மேசைக்கு மேலே வீடும் மலையும் செய்து, பெட்டிகளுக்கு நிறம் பூசியது. மற்றப் பகுதி மேசைக்குக் கீழே கிடந்தது. அவர்களின் பெயர் ‘சிக்னல் மற்றும் மின்வலு’ உபகுழு. தொலைபேசிக் கம்பனி கொடுத்த ரிலேக்களையும் படிமுறை ஆளிகளையும் வைத்து, தொலைபேசி டயலைச் சுழற்றி எந்தத் துண்டுத் தண்டவாளத்தை யார் ஓட்டுவது என்று தெரிவுசெய்யும் ஒரு அமைப்பைக் கட்டினார்கள். அது ஓடினால் மட்டும் அவர்களுக்குக் காணாது. குறைந்த ரிலேயில், இன்னும் கெட்டித்தனமாகச் செய்யவேணும். அப்படிச் செய்த வேலைதான் ‘ஹேக்’. 1959இல் பீற்றர் சாம்சன் தொகுத்த கழக அகராதியிலும் அந்தச் சொல் இருக்கு.

அந்தக் காலத்தில் எம்.ஐ.ரி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியை மாணவர் தொட முடியாது. துளையிட்ட அட்டைகளைப் பொறுப்பாளரிடம் குடுத்துவிட்டுக் காத்திருக்கவேணும். ஆனால் அங்கே வந்த ரி.எக்ஸ்-0 என்ற கணினியின் முன்னால் நேரே இருந்து வேலை செய்யலாம். கழகத்தின் முன்னாள் உறுப்பினர் ஜாக் டெனிஸ் அதைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். மேசைக்குக் கீழே ரிலேயோடு மல்லுக்கட்டிய ஆட்களுக்கு அது புது உலகமாகத் தெரியவில்லை. அதே ‘ஆம்-இல்லை’ விளையாட்டுத்தான், வேகம் மட்டும் கூட. 1962இல் பி.டி.பி-1 கணினியில் ‘ஸ்பேஸ்வோர்’ விளையாட்டு வந்தபோது, அதை விளையாடுவதற்கான கைப்பெட்டிகளை அலன் கோற்றொக்கும் பொப் சாண்டர்ஸும் கழகத்தில் கிடந்த உதிரிப் பாகங்களால்தான் செய்தார்கள்.

இதை ஒரு புனிதக் கதையாக்கவும் தேவையில்லை. அவர்கள் அநேகமாக எல்லாருமே ஆண்கள், நாட்டின் முன்னணிப் பல்கலைக்கழக மாணவர்கள். பாகங்கள் இலவசமாக வந்தன. ரி.எக்ஸ்-0 படைத்துறைப் பணத்தில் நடந்த ஆய்வுகூடத்தில் பிறந்தது. கள்ள அர்த்தமும் வெளியில இருந்து ஒட்டினது மட்டுமில்லை. தொலைபேசி இணைப்புகளில் ‘ஹேக்கர்கள்’ குழப்படி செய்கிறார்கள் என்று எம்.ஐ.ரி. மாணவர் பத்திரிகையே 1963இல் எழுதியது.

ஆனாலும் ஒன்றை மறுக்க ஏலாது. அந்தப் பிள்ளைகளை உருவாக்கியதில் பாடத்திட்டத்துக்குச் சமமான பங்கு அந்த மேசைக்கும் இருக்கு. பிழைவிட்டால் ஃபியூஸ் போகும், மாற்றிப் போட்டுத் திரும்பவும் தொடங்கலாம். மூடிவைத்த கணினி அறைக்கு வெளியில வரிசையில நின்று, பரீட்சைக்காகத் தர்க்கப் படலையைக் கொப்பியில கீறிப் பாடமாக்கின எங்களுக்கு அந்த வித்தியாசம் நல்லா விளங்கும். கெட்டித்தனத்தில நாங்கள் ஒன்றும் குறைஞ்சவையள் இல்லை. எங்களிட்ட இல்லாமல் போனது, ஃபியூஸ் போனாலும் பேசாத ஒரு அறை.

அந்த மரக்கட்டடத்தை 1998இல் இடித்துவிட்டார்கள். கழகம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. எங்கட ஊரில ஒரு வாசிகசாலை மேசை, நாலு பழைய ரிலே, கொஞ்ச வயர், திறப்பைத் தர மனமுள்ள ஒரு ஆள். தொடங்குகிறதுக்கு இவ்வளவும் காணும்.