உங்கள் பான் எண்ணில் வேறு யாரோ கடன் வாங்கினால் என்ன செய்வது?

"நான் வாங்காத கடனை நான் ஏன் கட்டணும்?" வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போன பிறகுதான் பலர் இப்படிக் கேட்கும் நிலை வருகிறது. பான் எண்ணைத் திருடி யாரோ வாங்கிய சின்னக் கடன், கட்டாத பாக்கியாக இவர்களின் கடன் அறிக்கையில் ஏறியிருக்கும். தன் பான் எண்ணில் 2,500 ரூபாய் கடன் வாங்கப்பட்டு, சிபில் ஸ்கோர் பாதிக்கப்பட்டதாக இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ் 2022 ஏப்ரலில் ட்விட்டரில் புகார் சொன்னார்.

எச்சரிக்கைத் தகவல் வருமா?

வரவேண்டும். உங்கள் கடன் அறிக்கையை வங்கியோ நிதி நிறுவனமோ பார்த்தால், எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆனால் பதிவில் இருப்பது உங்கள் பழைய செல்போன் எண் என்றால், தகவல் உங்கள் கைக்கு வராது.

காசு கட்டிச் சந்தா எடுக்கணுமா?

சந்தா எடுத்தால் அறிக்கையை அடிக்கடி பார்க்கலாம், மாற்றம் வந்தால் தெரியும். அதனால் கடன் மோசடி தானாக நின்றுவிடாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

தெரியாத கடன் இருந்தால்?

* கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் மறுப்புத் தெரிவியுங்கள். விண்ணப்பத்தின் நகலையும், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரத்தையும் கேளுங்கள்.
* கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் புகார் பதியுங்கள். கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் அவர்கள் பதிவை மாற்ற மாட்டார்கள்.
* 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் செய்யுங்கள்.

இழுத்தடித்தால்?

புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. திருத்திய விவரத்தைக் கடன் கொடுத்தவர் 21 நாட்களுக்குள் அனுப்பாவிட்டால் இழப்பீடு அவர் பொறுப்பு. அவர் அனுப்பியும் பதிவு மாறவில்லை என்றால் கடன் தகவல் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கும் பலன் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். "சின்னத் தொகைதானே, கட்டித் தொலைச்சிடலாம்" என்று நினைக்காதீர்கள். கட்டினாலும் அந்தக் கடன் உங்கள் பெயரிலேயே பதிவாகி நிற்கும்.