30 மில்லியா, 30 மில்லிகிராமா? குடியும் வண்டியும் - ஒரு சின்ன வரலாறு

போன வாரம் எங்க வகுப்பில் ஒரு வட்டமேஜை மாநாடு நடந்தது. விஷயம் இதுதான். கடைசி பரீட்சை முடிந்த அன்று மூணு பைக், ஆறு பேர், நெய்வேலியிலிருந்து நேரா பாண்டிச்சேரி, ராத்திரியே ரிட்டர்ன். "குடிச்சிட்டு எப்படிடா வண்டி ஓட்டிட்டு வர்றது?" என்று ஒருத்தன் மெதுவாக இழுத்தான். உடனே இன்னொருத்தன் சட்ட நிபுணர் மாதிரி சொன்னான்: "மச்சி, 30 மில்லி வரைக்கும் சட்டமே பெர்மிஷன் குடுத்திருக்குடா. ஊதச் சொன்னாலும் ஒண்ணும் ஆகாது."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். ஏனென்றால் எனக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து அந்த 30 எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான். நான் படிப்பது பி.காம்., சட்டம் இல்லை. அதனால் நடுநடுவே வரி, இன்சூரன்ஸ் என்று எங்கள் பாடப் பக்கம் ஒதுங்கிவிடுவேன், மன்னிக்கவும் :)

முதலில் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185 சொல்வது 30 மில்லி சரக்கு இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் குற்றம். 650 மில்லி பீர் பாட்டில் ஒன்றில் 5 சதவீதம் ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால், எடையில் சுமார் 25 கிராம். 60 கிலோ எடை உள்ள ஒரு பையனின் ரத்தத்தில் அது 60 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். சாப்பிட்டது, உடல்வாகு எல்லாம் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். ஒரே பாட்டிலில் சட்டம் சொல்லும் அளவைப் போல ரெண்டு மடங்கு! ஸ்ட்ராங் பீர் என்றால் இன்னும் மேலே. குவார்ட்டர் பிராந்தி, அதாவது 180 மில்லி என்றால் 150 வரை போகும்.

நியாயமாகச் சொல்லணும் என்றால், ஒரே ஒரு 30 மில்லி பிராந்தி மட்டும் குடித்தால் 25 மில்லிகிராம் பக்கத்தில் நிற்கும். நண்பன் தெரியாமலே அதுவரைக்கும் சரியாகச் சொல்லியிருக்கிறான். ஆனால் 30 மில்லி குடிப்பதற்காகப் பாண்டிச்சேரி போகிறவனை நான் பார்த்ததில்லை.

ஏறினது இறங்கவும் நேரம் எடுக்கும். உடம்பு ஒரு மணி நேரத்துக்குக் குறைப்பது சுமார் 15 மில்லிகிராம்தான். காபி குடித்தாலும், முகம் கழுவினாலும், மோர் குடித்தாலும் அந்த வேகம் கூடாது. ரெண்டு பீர் குடித்தவன் 30க்கு இறங்க ஆறு மணி நேரம் ஆகும். எல்லையிலிருந்து நெய்வேலி வந்து சேர ஒன்றரை மணி நேரம். மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது வரலாறு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் சட்டம் கார் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1872ல் வந்த ஒரு சட்டத்தில், பொதுச் சாலையில் குடிபோதையில் வண்டி, குதிரை, மாடு, நீராவி எஞ்சின் இவற்றை நடத்திச் செல்வது குற்றம் என்று இருக்கிறது. மாடு ஓட்டினாலும் கேஸ்! 1897ல் லண்டனில் ஒரு டாக்ஸி டிரைவர் குடித்துவிட்டுக் கட்டடத்தில் மோதி அபராதம் கட்டினார். கார் ஓட்டி இந்தக் குற்றத்தில் மாட்டிய முதல் ஆள் அவர்தான் என்பார்கள்.

சட்டம் எழுதுவது சுலபம். ஒருத்தன் குடித்திருக்கிறான் என்று நிரூபிப்பதுதான் பெரிய தலைவலி. கோட்டில் நடக்கச் சொல்வது, விரலால் மூக்கைத் தொடச் சொல்வது, டாக்டர் மோந்து பார்ப்பது... இதெல்லாம்தான் அன்றைய சோதனை. ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் என்ற விஞ்ஞானி குடித்த அளவுக்கும் ரத்தத்தில் ஏறும் அளவுக்கும் உள்ள தொடர்பைக் கணக்காக்கினார். (நான் மேலே போட்டது அவருடைய கணக்குதான்.) 1936ல் நார்வே ரத்த அளவை வைத்தே குற்றம் என்று சட்டம் கொண்டுவந்தது. 1954ல் அமெரிக்காவின் இண்டியானாவில் ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் ஊதுகிற கருவியைக் கண்டுபிடித்தார். 1967ல் பிரிட்டன் 80 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது.

நம்ம ஊருக்கு வருவோம். 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 117, வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் ஓட்டுவது குற்றம் என்றது. எவ்வளவு போதை என்றால் "அந்த அளவு"? எண் கிடையாது. இதன் விளைவு 1971ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு மகாராஷ்டிர விபத்து வழக்கில் தெரிகிறது. ஓட்டியவரிடம் மது வாடை இருந்தது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ரத்தப் பரிசோதனையோ சிறுநீர்ப் பரிசோதனையோ செய்யவில்லை. வாடையும் தள்ளாட்டமும் மட்டும் போதாது, குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். முதல் முறை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்தால், விபத்தில் அடிபட்டவனும் தள்ளாடத்தானே செய்வான்?

1988 சட்டம் முதலில் வந்தபோது நேர் எதிர்த் துருவத்துக்குப் போனது. ரத்தத்தில் "எவ்வளவு சிறிதளவாக இருந்தாலும்" குற்றம் என்றது. 1994 திருத்தத்தில்தான் 30 மில்லிகிராம் என்ற எண்ணும், ப்ரீத் அனலைசர் சோதனையும் அந்தப் பிரிவுக்குள் வந்தன. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சலுகை மாதிரி பேசிக்கொண்டிருந்த 30 இதுதான். அது குடிக்கச் சொல்லிக் கொடுத்த கோட்டா இல்லை, நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி ஒரு அளவுகோல்.

சரி, அப்படியே பாண்டிச்சேரிப் பக்கம் போவோம். எங்கள் மாவட்டத்தில் எல்லை தாண்டிக் குடிப்பது புதுப் பழக்கம் இல்லை. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 அக்டோபர் 2 முதல் அது சென்னை மாகாணம் முழுக்க, எங்கள் தென்னாற்காடு உட்பட, அமலானது. பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரன் கையில். 1954ல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அங்கே கடைகள் அப்படியே இருந்தன. கடலூர் பக்கத்தில் எங்கள் தாத்தா ஊர். அந்தக் காலத்தில் ஆட்கள் சைக்கிளில் எல்லைக்குப் போய்க் குடித்துவிட்டு, திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வருவார்கள் என்று தாத்தா சொல்வார். ஏறினால் விழுந்துவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று அதே முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கமிருந்து 150 சிசி பைக்கில் கடலூர், குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக வருகிறார்கள்.

என் அண்ணனின் நண்பர் ஒருவர் அப்படித்தான் குறிஞ்சிப்பாடி தாண்டி இறந்துபோனார். அவர் வண்டி ஓட்டவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்தார். ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். ரெண்டு பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எஃப்.ஐ.ஆரில் இருந்ததோ "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்". அவ்வளவுதான். 2015ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,46,133 பேர், அதில் மதுவால் என்று மத்திய அரசின் கணக்கில் வந்தது 6,755. இந்த ரெண்டாவது எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எஃப்.ஐ.ஆர். ஞாபகம் வரும்.

இப்போது எங்கள் பாடம். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி அரசு கொண்டுவந்ததுதான் 1939ன் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டமும் அதே 1939தான், கவனித்தீர்களா? சாராய வருமானம் வேண்டாம் என்பதற்காகப் பிறந்தது விற்பனை வரி. பிறகு என்ன நடந்தது? 1971ல் கலைஞர் அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, சில ஆண்டுகளில் மறுபடி கொண்டுவந்தது. 1981ல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி தளர்த்தியது. 1983ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் வந்தது. 2003 நவம்பரில் ஜெயலலிதா அரசு சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக் கையில் கொடுத்தது. 2003-04ல் இதன் மூலம் அரசுக்கு வந்தது 3,639 கோடி ரூபாய். 2024-25ல் 48,344 கோடி.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பழைய விற்பனை வரி பெரும்பாலான பொருட்களுக்குப் போய்விட்டது. விடாமல் இன்றும் மாநில அரசின் வரிக்குள்ளேயே இருக்கும் முக்கியமான பொருட்கள் எவை? ஒன்று மது, இன்னொன்று பெட்ரோல், டீசல். குடித்துவிட்டு வண்டி ஓட்ட என்னென்ன வேண்டுமோ அது ரெண்டும்! வரி வகுப்பில் இதைச் சொன்னேன். சார் சிரித்துவிட்டு அடுத்த சாப்டருக்குப் போய்விட்டார்.

விற்கிறதும் அரசு, ஊதச் சொல்லிப் பிடிக்கிறதும் அரசு என்ற இந்த நிலையில்தான் நெடுஞ்சாலை வழக்கு வருகிறது. பா.ம.க.வைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு, நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை அகற்றக் கோரி 2012ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார். உயர் நீதிமன்றம் அகற்றச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2016 டிசம்பர் 15ல் வந்த தீர்ப்பின் பெயரே "தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு". தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, சாலையிலிருந்து கண்ணில் படவும் கூடாது, விளம்பரப் பலகையும் கூடாது என்று நாடு முழுவதற்கும் உத்தரவு. தேசிய சாலைப் பாதுகாப்புக் குழு 2004லேயே நெடுஞ்சாலையில் லைசென்ஸ் தரக்கூடாது என்று சொல்லியிருந்ததையும் நீதிபதிகள் எடுத்துக் காட்டினார்கள்.

2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நெய்வேலி எப்படிப்பட்ட இடம் என்று பாருங்கள். ஆர்ச் கேட் பக்கம் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் சாலை, மந்தாரக்குப்பம் பக்கம் கடலூர் - விருத்தாசலம் சாலை. நடுவில் மூணு ஷிப்ட் ஓடும் சுரங்கம். நைட் ஷிப்டுக்குச் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போகிறவர்களும், பாரிலிருந்து கிளம்புகிறவர்களும் ஒரே நேரத்தில் ரோட்டில் இருப்பார்கள். அதனால் இந்தத் தீர்ப்பு எங்களுக்கு வெறும் பேப்பர் செய்தி இல்லை.

ஆனால் மூடிய கடைகள் ஊருக்குள் இடம் தேடின. அங்கே பெண்கள் மறியல் செய்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை டிவியில் எல்லோரும் பார்த்தோம். நீதிமன்றமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. 20,000 பேருக்குள் மக்கள்தொகை உள்ள ஊர்களில் 220 மீட்டர் போதும் என்றது. 2017 ஜூலையில் நகராட்சிப் பகுதிகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்றது. எனக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் 500 மீட்டர் நடக்க யோசிக்கிற ஆள் 40 கிலோமீட்டர் பைக்கில் போகிறான் என்பதையும் பார்க்கிறேன். தூரம் மட்டும் போதாது.

அபராதம்? 1988 சட்டத்தில் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ரெண்டும். 2019 திருத்தம் அபராதத்தை 10,000 ஆக்கியது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலானது. அப்போதுதான் சென்னை போக்குவரத்து போலீஸ் இன்னொரு பிரிவையும் கையில் எடுத்தது. பிரிவு 188. இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை. அதாவது குடித்தவன் ஓட்டும் வண்டியில் தெரிந்தே பின்னால் உட்காருகிறவன் மேலும் கேஸ் போடலாம். "நான் ஓட்டமாட்டேன், பின்னாடிதானே உக்காரப்போறேன்" என்பதுதான் அந்த மாநாட்டில் என்னுடைய நிலைப்பாடாக இருந்தது.

இன்சூரன்ஸ் இன்னும் மோசம். போதையில் ஓட்டி இடித்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் கிடையாது. 2007ல் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதிய வழக்கில் 2021ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஊதிப் பார்த்த ரிப்போர்ட் இல்லாவிட்டாலும், 30 மில்லிகிராம் கணக்கு இல்லாவிட்டாலும், மருத்துவ அறிக்கையில் இருந்த மது வாடை, விபத்து நடந்த விதம் இவற்றை வைத்தே கம்பெனி மறுக்கலாம். 1971ல் தண்டனைக்குப் போதாத வாடை, 2021ல் பாலிசியை மறுக்க உதவியிருக்கிறது.

இதையெல்லாம் நேற்று நண்பர்களிடம் சொன்னேன். "ஒரு டூருக்கு இவ்ளோ ஆராய்ச்சியாடா?" என்று ஓட்டினார்கள். கடைசியில் ஒரு பைக் வேண்டாம் என்று ரெண்டு பேர் பஸ்ஸுக்கு ஒத்துக்கொண்டார்கள், என்னோடு சேர்த்து மூணு பேர். ஒருத்தன் குடிக்கமாட்டேன், நானே ஓட்டுறேன் என்றான். 30 மில்லி நிபுணர் மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. அவன் வண்டியில் பின் சீட் இப்போதைக்குக் காலியாக இருக்கிறது.